தொப்பியப் போடு, தொப்பியக் கழட்டு

வா தம்பி, உக்காரு. டீ சொல்லட்டுமா? சக்கர போட்டா, போடாமயா? வேணாங்குறியா? இந்த வயசுல சக்கர வேணாம்னா அப்புறம் எந்த வயசுலடா குடிப்ப?

ஆஸ்திரேலியா போவப்போறியாமே. உங்கப்பன் சந்தையில சொன்னான். அதோட நிக்கலயாம். அங்க அஞ்சாறு வருசம் இருந்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிக்கிட்டு, அங்கேருந்து அமெரிக்காவுக்குத் தாண்டுறதாம். வேலி தாண்டுற ஆடுகூட இவ்ளோ கணக்குப் போட்டுத் தாண்டாதுடா. கோவிச்சிக்காத. எம் மவனும் அதே வேலியத்தான் தாண்டினான்.

என்னா கேக்கணும்? புள்ளைங்களுக்கு அந்த ஊரு பள்ளிக்கொடம் ஒத்துக்குமான்னு உம் பொஞ்சாதி கேட்டுட்டு வரச் சொன்னாளா? அவளுக்கு எத்தன மாசம்? மூணா? சரியாப் போச்சு. வயித்துல இருக்கற புள்ளைக்கு இன்னும் காதே கேக்க ஆரம்பிக்கல, அதுக்குள்ள அது ரெண்டு நாட்டுப் பள்ளிக்கொடத்துக்குப் பழகணும்னு இங்க கவலப்படுறீங்க.

அண்ணாந்து பாரு, நம்ம தியாகதுருகத்து மலைய, மேல இருக்கற கோட்டைய. 1760-ல பிரெஞ்சுக்காரன் லாலி இந்தக் கோட்டைய ஹைதர் அலிக்குத் தூக்கிக் குடுத்தான். மறு வருசமே இங்கிலீசுக்காரன் புடிச்சான். 1790-ல திப்பு வந்து முட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போனான். எத்தன பேரு கொடி ஏத்துனாலும் மல அங்கயேதான் குந்திக்கிட்டு இருக்கு. எனக்கு ஒத்துக்குமான்னு அது யாரையும் கேக்கல. சரி சரி, மலையும் புள்ளையும் ஒண்ணா தாத்தான்னு நீ கேப்ப. ஒண்ணில்லதான். சும்மா சொன்னேன்.

எம் மவன் கதையக் கேளு. மெல்போர்ன்ல வேல. பாஸ்போர்ட்ட மாத்துனான். இந்தியா பாஸ்போர்ட்ட ஒப்படைச்சிட்டு ஓசிஐ-ன்னு ஒரு அட்டை வாங்கியிருக்கான். பேருதான் ஓசி, வாங்குறதுக்குப் பணம் கட்டணும். அப்புறம் ஒருநாள் போன் போட்டு, “அப்பா, ஆஸ்திரேலியாக்காரங்களுக்குன்னே அமெரிக்காவுல ஒரு விசா இருக்கு, இ-3ன்னு பேரு”ன்னான். 2005-ல கொண்டாந்தாங்களாம். வருசத்துக்கு 10,500 பேருக்கு. மத்தவன் எல்லாம் எச்-1பிக்கு, 85,000 எடத்துக்கு, குலுக்கல்ல பேரு வருமான்னு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குறான். இவன் பக்கத்து சந்துல பூந்து போயிட்டான். கெட்டிக்காரன்னு நெனைச்சேன். போன பொறவுதான் தெரிஞ்சுது, பச்ச அட்டைக்குன்னு ஒரு வரிசை இருக்கு, அதுல நீ எந்த நாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கன்னு பாக்க மாட்டானாம், எந்த நாட்டுல பொறந்தன்னுதான் பாப்பானாம். பையன் பொறந்தது கள்ளக்குறிச்சி ஆசுபத்திரி. நேராப் போயி இந்தியாக்காரங்க வரிசையோட வாலுல நிக்குறான். கங்காரு நாட்டச் சுத்திப் போனாலும் காட்டுக்கொட்டா பையன் காட்டுக்கொட்டா பையன்தான்.

பேத்திக்குப் பதினாலு வயசு, பேரனுக்கு ஒம்பது. டெக்சாஸ்ல டல்லாசுக்குப் பக்கத்துல குடி போனாங்க. நானும் ஆயாவும் ஆகஸ்ட்ல போயி அஞ்சு மாசம் இருந்துட்டு வந்தோம். கண்ணால பாத்தததான் சொல்லுறேன்.

மொதல்ல வூடு தேடுன கதை. வூடு பாக்குறதுன்னா நாம என்னா பாப்போம்? தண்ணி வருமா, பக்கத்து வூட்டுக்காரன் சண்டைக்காரனா, அவ்வளவுதான? எம் மவன் பள்ளிக்கொடத்துக்கு மார்க்குப் பாத்தான். அங்க புள்ளைங்களுக்கு மட்டுமில்ல, பள்ளிக்கொடத்துக்கே பத்துக்கு இத்தனைன்னு மார்க்கு போட்டு வெச்சிருக்காங்க. ஒம்பது மார்க்கு பள்ளிக்கொடத்து எல்லைக்குள்ள வாடகை ஒரு வெல. தெருவத் தாண்டி ஆறு மார்க்குப் பக்கம் போனா வேற வெல. ரெண்டு வூட்டுலயும் அதே குழா, அதே தண்ணி. பள்ளிக்கொடத்துல சம்பளம் கெடையாதுப்பா, இலவசம்னான். ஆமா, அவன் கட்டுற வாடகையிலதான் அந்த இலவசம் ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு. டெக்சாஸ்ல சம்பளத்துக்கு மாநில வரி இல்ல. அதுக்குப் பதிலா வூட்டு மேல வரிய ஏத்தி அதுலதான் பள்ளிக்கொடம் நடத்துறாங்க. நம்ம ஊரு வெவசாயியக் கேட்டா ஒரு வார்த்தையில சொல்லிருவான், மாடு எளைச்சாலும் கொம்பு எளைக்காதுன்னு.

அப்புறம் வகுப்பு. ஆஸ்திரேலியாவுல தை நடுவுல பள்ளிக்கொடம் தொறந்து மார்கழியில மூடுவாங்க. டெக்சாஸ்ல ஆடி முடிஞ்ச கையோட தொறந்து வைகாசியில மூடுவாங்க. நமக்கு வைகாசி கடைசியில தொறக்குது. உலகம் ஒண்ணு, சூரியன் ஒண்ணு, கணக்கு மூணு. பேத்தி ஒம்பதாவதுல பாதி படிச்சிட்டு வந்திருக்கா. இங்க திரும்ப ஒம்பதாவது மொதல்லேருந்து. மருமவ மூஞ்ச பாக்கணுமே! “ஆறு மாசம் வீணாப் போச்சு மாமா”ன்னு சோறே எறங்கல அவளுக்கு. ஆறு மாசம் எங்கம்மா போவும்? கரும்பு வெட்டுறதுக்கு ஆலைக்காரன் உத்தரவு வரலன்னு எங்கொல்லியில ரெண்டு மாசம் பூத்து நிக்கும். அதுக்காக நான் பாய் போட்டுப் படுத்துக்கிட்டனா?

பள்ளிக்கொடத்துலேருந்து சாமான் பட்டியல் குடுத்தாங்க. கலர் குச்சி 24, ரெண்டாம் நம்பர் பென்சில், பசை, கத்திரி, அதுக்கும் மேல மூக்கு சிந்துற காயிதம் நாலு பொட்டி. வகுப்புல இருக்கற அத்தன மூக்குக்கும் சேத்து நாமதான் வாங்கித் தரணும். ஆகஸ்ட்ல மூணு நாளைக்கு விற்பனை வரி இல்லன்னு அறிவிச்சிருந்தாங்க, ஊரே கடையில. மருமவ அங்க நின்ன பையங்கிட்ட, “ரப்பர் எங்க இருக்கு?”ன்னு கேட்டா. அந்தப் பையன் ஒரு நிமிசம் முழிச்சிட்டு, மருந்துக் கடைப் பக்கம் கைய காட்டுனான். இவளும் வெவரம் தெரியாம போயிட்டா. ஆஸ்திரேலியாவுலயும் ரப்பர்தான், நம்ம ஊருலயும் ரப்பர்தான். அமெரிக்காவுல அது 1968-லேருந்து நம்ம சர்க்காரு நிரோத்துன்னு பேரு வெச்சி வித்தாங்களே, அது. மவன் எங்காதுல வந்து சொன்னான். யோசிச்சிப் பாத்தா அதுவும் நியாயமாத்தான் இருக்கு. ஒண்ணு நடந்த தப்ப அழிக்குது, இன்னொண்ணு நடக்காம பாத்துக்குது.

இப்ப தொப்பிக்கு வருவோம். பேரன் மெல்போர்ன்ல பள்ளிக்கொடத்துச் சட்டையோட ஒரு அகலத் தொப்பியும் போட்டுக்கிட்டுப் போவான். அங்க வெயிலு தோலச் சுட்டுப் புத்துநோயி கொண்டாந்திருதாம். 1981-லேருந்தே சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி மாட்டுன்னு பாட்டுப் பாடிச் சொல்லிக் குடுக்குறாங்க. தொப்பி இல்லேன்னா ஆட்டமில்லங்கறது சின்னப் பள்ளிக்கொடத்துச் சட்டம். மறந்துட்டு வந்த புள்ள நெழல்லயே குந்திக்கிட்டு இருக்கணும். பையன் நாலு வருசம் அதுல பழகிட்டான். தூங்கும்போது மட்டும்தான் கழட்டுவான்.

டெக்சாஸ் வெயிலு நம்ம வெயிலுக்கு அண்ணன். ஆயா மொத வாரம் வானிலையப் பாத்துட்டு, “நூத்தி மூணாமே, யாருக்குடா காய்ச்ச?”ன்னு அலறுனா. அந்த வெயிலுக்குப் பேரன் ஆசையாத் தொப்பி மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கொடம் போனான். வாசல்லயே ஒரு டீச்சரு, “தொப்பியக் கழட்டு, உள்ள போடக் கூடாது”ன்னுச்சு. பையனுக்கு ஒண்ணும் புரியல. அங்க போடலன்னா குத்தம், இங்க போட்டா குத்தம். சாயங்காலம் என்னாண்ட வந்து, “தாத்தா, ரெண்டுல யாரு சொல்றது சரி?”ன்னு கேட்டான்.

நான் என்னாத்தச் சொல்ல? தலையில துணி இருக்கலாமா கூடாதான்னு சட்டம் போடுறதுல நாம அவங்களுக்கெல்லாம் மூத்தவங்கடா தம்பி. எங்கப்பன் காலத்துல பண்ணையாரு எதுக்க வந்தா தலத் துண்டு இடுப்புக்கு எறங்கிடணும். அத எறங்க வெச்சவன் ஞாயம்னுதான் சொன்னான். பேரங்கிட்ட அதெல்லாம் சொல்லல. “வாசப்படி வரைக்கும் போடு, வாசப்படியில கழட்டு”ன்னேன். ரெண்டாம் நாளுலேருந்து அப்பிடியே செஞ்சான், தீந்துச்சு. ஆனா எம் மவன் இருக்கானே, அவன் பள்ளிக்கொடத்துக்கு ஒரு கடுதாசி எழுதுனான். தோலு, வெயிலு, புள்ள மனசுன்னு ஒன்றரைப் பக்கம். அதுக்குப் பதில் வரதுக்குள்ள பையன் தொப்பியையே மறந்துட்டான்.

எழுத்துக்கும் இதே கூத்துதான். கலருங்கற வார்த்தையில ஒரு எழுத்து கூடப் போச்சுன்னு பையனுக்குச் செவப்பு மையில சுழிச்சிட்டாங்க. ஆஸ்திரேலியாவுல அந்த எழுத்து இருக்கணும், அமெரிக்காவுல இருக்கக் கூடாது. வெப்ஸ்டர்னு ஒருத்தரு அகராதி எழுதையில வெட்டி உட்டாராம். மருமவளுக்கு, புள்ள கொழம்பிருவானோன்னு கவல. நான் எழுதப் படிக்கையில லை, னைக்கெல்லாம் யானைத் துதிக்கை மாதிரி மேல ஒரு சுழி இருந்துச்சு. 1978-ல எம்ஜிஆரு ஆட்சியில பெரியாரு எழுத்துன்னு உத்தரவு போட்டு அத எடுத்தாங்க. எனக்கு யாராச்சும் ஆறுதல் சொன்னாங்களா? பத்து நாளு துதிக்கையோட எழுதுனேன், பதினோராம் நாளு யானை காட்டுக்குப் போயிருச்சு.

பள்ளிக்கொடம் வுடுற நேரத்தப் பாக்கணும் நீ. வூட்டுலேருந்து நடந்தா பத்து நிமிசம். ஆனா யாரும் நடக்க மாட்டாங்க. மணி அடிக்கறதுக்கு முக்கா மணி நேரம் முன்னாலயே காரு வரிசை கட்டிரும். மூங்கில்துறைப்பட்டு சக்கர ஆலை முன்னால கரும்பு டிராக்டரு நிக்குமே, அச்சு அசல் அதே வரிசை. ஒவ்வொரு காரு கண்ணாடியிலயும் ஒரு நம்பரு. ஒருத்தரு நம்பரப் படிக்க, இன்னொருத்தரு புள்ளைய ஏத்தி உட, அடுத்த வண்டி நகர. ஒரே வித்தியாசம், ஆலையில சரக்க எறக்குவாங்க, இங்க ஏத்துறாங்க. ஒருநாள் நான் வேட்டியக் கட்டிக்கிட்டுப் பேரன நடத்திக் கூட்டியாந்தேன். பாதி வழியில ஒரு அம்மா காரு நிறுத்தி, எதுனா ஒதவி வேணுமா, காரு கெட்டுப்போச்சான்னு கேட்டா. நடக்கற மனுசன் அங்க ஆபத்துல இருக்கற மனுசன்.

இப்ப நான் செஞ்ச தப்பு ஒண்ணையும் சொல்லிர்றேன், என்னயும் நீ கொஞ்சம் சிரிக்கணுமில்ல.

ஆயா பொட்டிக்குள்ள ரெண்டு கிலோ மல்லாட்ட உருண்ட கொண்டாந்திருந்தா. நம்ம கொல்லி மல்லாட்ட, வறுத்துத் தோலு பொடைச்சு, வெல்லப்பாகுல உருட்டுனது. பையன் மத்தியானத்துக்கு என்னாத்தக் கொண்டு போறான்னு பாத்தேன். ரெண்டு ரொட்டி, நாலு கேரட்டு. மனசு கேக்கல. மருமவ அந்தப்பக்கம் திரும்பறப்ப அவன் பையில நாலு உருண்டய காயிதத்துல சுத்திப் போட்டுட்டேன். “யாருக்கும் சொல்லாத, கூட்டாளிங்களுக்கும் குடு”ன்னேன். நல்ல புத்திதான சொன்னேன்?

பதினோரு மணிக்கு போன். பையன் வகுப்புக் கதவுலயே மல்லாட்டப் படம் போட்டு அதுக்குக் குறுக்க ஒரு செவப்புக் கோடு இழுத்து ஒட்டியிருக்காங்களாம். அந்த வகுப்புல ஒரு பொம்பளப் புள்ளைக்கு மல்லாட்ட ஆவாது. தின்னா தொண்ட வீங்கி மூச்சு அடைச்சிக்குமாம், உடனே தொடையில ஊசி குத்தணுமாம். நான் மொதல்ல சிரிச்சிட்டேன். மல்லாட்டய தின்னு யாராச்சும் செத்தாங்களா? நம்ம ஊருல மல்லாட்ட தின்னுதான உசுரோட இருக்கோம்? மருமவ சிரிக்கல. “மெல்போர்ன்லயும் இதே சட்டம்தான் மாமா. எனக்குத் தெரியும். அதனாலதான் நான் குடுக்கல”ன்னு மெதுவாச் சொன்னா. அப்பதான் எனக்கு உறைச்சுது. எந்தங்கச்சிக்குக் கத்திரிக்கா தின்னா ஒதடு பொங்கும். அதுவே தொண்டைக்குள்ள பொங்குனா? ஊரான் புள்ள உசுருல நான் வெல்லப்பாகு ஊத்தப் பாத்திருக்கேன். அன்னிக்கு ராத்திரி உருண்டய வாயில வெக்க எனக்கே பிடிக்கல.

நல்ல வேள, பையன் காயிதத்தப் பிரிக்கல. படத்தப் பாத்தவன் நேரா டீச்சராண்ட குடுத்துட்டான். “எங்க தாத்தாவுக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது, ஆனா நல்லவரு”ன்னு சொன்னானாம். படம் போட்டதப் படிக்க இங்கிலீசு எதுக்கு? என்னக் காப்பாத்தத்தான் சொல்லியிருக்கான். எம் மவன் மன்னிப்புக் கடுதாசி எழுத மூணு மணி நேரம் குந்துனான். திருத்தித் திருத்தி எழுதுறான். பையன் அதுக்குள்ள அந்தப் பொம்பளப் புள்ளையோட சேந்து ஊஞ்சல் ஆடிட்டு வந்துட்டான்.

சோத்துப் பேச்சு வந்ததால சொல்லுறேன். அங்க பள்ளிக்கொடத்துலயும் சாப்பாடு போடுறாங்க. 1946-லயே சட்டம் போட்டு ஆரம்பிச்சிருக்காங்க, நம்ம எம்ஜிஆரு சத்துணவுக்கு 36 வருசம் முன்னால. ஆனா காசு குடுக்கணும். ஏழைப் புள்ளைங்களுக்கு இலவசம், மத்தவங்க கணக்குல பணம் போட்டு வெக்கணும், புள்ள நம்பரத் தட்டித் தட்டு வாங்கணும். பணம் தீந்தா கடன் ஏறும். கலிபோர்னியா மாதிரி சில மாநிலத்துல எல்லாப் புள்ளைக்கும் சும்மாவே போடுறாங்களாம், டெக்சாஸ்ல இல்ல. ஒம்பது வயசுல சாம்பாருக்குக் கடங்காரனா நிக்கிறது எனக்குப் புடிக்கல. 2022-லேருந்து நம்ம பள்ளிக்கொடத்துல காலையிலயும் உப்புமா கெளறுறோம், கடங்கணக்கு இல்லாம. இதக் கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன், மவன் வூட்டு விருந்துல. நம்ம ஊரு ஐ.டி. பசங்க நாலு பேரு இருந்தாங்க. ஒருத்தன் மட்டும், “நானும் சத்துணவு தின்னவன்தான் பெரியப்பா”ன்னான். மத்தவங்க போன எடுத்துப் பாத்துக்கிட்டாங்க.

பேத்தி கதைக்கு வா. ஒருநாள், “எனக்கு மம் வேணும்”னு அழுதுச்சு. மருமவ பதறிப் போயி, “இங்கதான்டி நிக்குறேன்”னா. ஆஸ்திரேலியாவுல மம்முன்னா அம்மா. டெக்சாஸ்ல மம்முன்னா சாமந்திப்பூ! புரட்டாசி, ஐப்பசியில பெரிய பள்ளிக்கொடங்கள்ல ஒரு பந்தாட்டத் திருவிழா நடக்கும். அன்னிக்குப் பொம்பளப் புள்ளைங்க நெஞ்சுல ஒரு சாமந்தியக் குத்திக்கணும். நெசப் பூ இல்ல, துணிப்பூ. தட்டு அகலத்துக்கு. அதுலேருந்து முட்டி வரைக்கும் ரிப்பன், மணி, பொம்மை, பேரு எழுதுன பட்டை. கடையில கேட்டா நூறு டாலருக்கு மேல. சில புள்ளைங்க நாலு பூவ ஒண்ணாக் கோத்து, தூக்கிக்கிட்டு நடக்க முடியாம நடக்குதுங்க.

எனக்குப் பாத்ததும் சிரிப்பு தாங்கல. மாட்டுப் பொங்கலுக்கு நம்ம காளைக்கு என்னா பண்ணுவோம்? சாமந்தி மாலை, கலர் காயிதம், கழுத்துல சலங்க. டெக்சாஸ்காரன் அதையேதான் பொண்ணுங்களுக்குப் பண்ணுறான். மவன், “இது பணத்தக் கரியாக்குறது, நம்ம வழக்கமில்ல”ன்னு சொல்லப் பாத்தான். நான் அவனத் தள்ளி உட்டுட்டேன். ரிப்பனும் பூவும் நாப்பது டாலருக்கு வாங்கியாந்து மருமவளும் நானும் குந்தினோம். அவ சூட்டுப் பசையில ரிப்பன் ஒட்டுனா, நான் மணி கோத்தேன். சலங்க முடிச்சு எப்பிடிப் போடணும்னு அங்க யாருக்குத் தெரியும்? ஒத்த மணிகூட அவுராத முடிச்சு. பேத்தி போட்டுக்கிட்டு மாடியிலேருந்து எறங்குறா, ஜல் ஜல்லுன்னு, எங்கப்பன் வண்டி தெருவுல திரும்புற சத்தம். அன்னிலேருந்துதான் அந்தப் பொண்ணு பள்ளிக்கொடத்துல நாலு பேரோட பேச ஆரம்பிச்சா. சாயங்காலம் வந்து, பாதிப் பேருக்கு மணி கொட்டிப்போச்சு தாத்தா, எனக்குக் கொட்டலன்னா.

எம் மவனுக்கு அதுல எல்லாம் மனசில்ல. அவன் புத்தி முழுக்க ராங்குல. 1997-ல டெக்சாஸ்ல ஒரு சட்டம் போட்டாங்க. ஒவ்வொரு பள்ளிக்கொடத்துலயும் நூத்துக்கு மொத பத்துல வர புள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்துல எடம். பட்டிக்காட்டுப் பள்ளிக்கொடமானாலும் பட்டணத்துப் பள்ளிக்கொடமானாலும் அவங்கவங்க பள்ளிக்கொடத்து மொத பத்து. நல்ல சட்டமில்ல? நம்ம ஊருல 2020-ல அரசுப் பள்ளிக்கொடத்துப் புள்ளைங்களுக்கு டாக்டர் படிப்புல ஏழரை கொண்டாந்தாங்களே, அந்த மாதிரி. ஆனா ஒம்பது மார்க்குப் பள்ளிக்கொடத்துல எல்லாரும் கெட்டிக்காரப் புள்ளைங்க, மொத பத்துல வரது கஷ்டம். அதனால சில பேரு வூட்ட மாத்திக்கிட்டுக் கொஞ்சம் மட்டமான பள்ளிக்கொடத்துக்குப் போறாங்களாம்! மொதல்ல ஒம்பதத் தேடி ஓடுறது, அப்புறம் ஒம்பது வேணாம்னு ஆறத் தேடி ஓடுறது. நான் கேட்டேன், மொதல்லயே அந்த ஆறு மார்க்குத் தெருவுல குடியிருந்தா வாடகையும் கம்மியாச்சேடான்னு. அவன் அம்மாவப் பாத்து, “அப்பாவுக்கு நேரமாச்சு, படுக்கச் சொல்லு”ன்னான்.

இன்னொண்ணு சொல்றேன். இதுல நக்கல் இல்ல.

ஒரு ஞாயித்துக்கெழம பேரன் விளையாடிக்கிட்டு இருந்தான். திடீர்னு ஓடிப் போயி வெளக்க அணைச்சான், கதவச் சாத்தி உள்தாப்பா போட்டான், என் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போயி, ஜன்னலுக்குத் தெரியாத மூலையில உக்கார வெச்சான். “தாத்தா, பேசாத. மூச்சு மெதுவா உடு”ன்னான். கண்ணாமூச்சின்னு நெனைச்சி, யாருடா தேடறதுன்னேன். “துப்பாக்கி வெச்சிருக்கற ஆளு”ன்னான். சிரிக்கவும் இல்ல, பயப்படவும் இல்ல. வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி சொல்லுறான். பூட்டு, வெளக்கு, கண்ணுக்கு மறைவுன்னு பள்ளிக்கொடத்துல பாடமாட்டம் சொல்லிக் குடுத்திருக்காங்க. மெல்போர்ன்லயும் கதவச் சாத்திப் பழக்குவாங்களாம், ஆனா எதுக்குன்னு அவனுக்கு அங்க தெரியாது.

அதே டெக்சாஸ்லதான் உவால்டின்னு ஒரு சின்ன ஊரு. 2022 மே 24, ஒருத்தன் பள்ளிக்கொடத்துக்குள்ள பூந்து 19 புள்ளைங்களையும் ரெண்டு டீச்சருங்களையும் சுட்டுப்புட்டான். ஆஸ்திரேலியாவுல 1996-ல போர்ட் ஆர்தர்ல 35 பேரு செத்தாங்க. உடனே சட்டம் போட்டு, காசு குடுத்து, ஆறு லட்சத்துக்கும் மேல துப்பாக்கிய ஜனங்ககிட்டேருந்து வாங்கி ஒடைச்சிப் போட்டாங்க. இவங்க புள்ளைங்களுக்கு மூலையில உக்காரச் சொல்லிக் குடுக்குறாங்க. நாம ஒழுங்கான்னு கேக்காத. 2004-ல கும்பகோணத்துல கூரைக் கொட்டாயில 94 புள்ளைங்களக் கருக வெச்சவங்க நாம.

அந்த மூலையில அரை நாழி பேரன் பக்கத்துல குந்தியிருந்தேன். வாடகை, ராங்கு, கலருல ஒரு எழுத்துன்னு எம் மவனும் மருமவளும் எதுக்கு ராத்திரி பகலா அடிச்சிக்கிறாங்கன்னு அப்பதான் கொஞ்சம் வெளங்குச்சு. அவங்களால செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான். இந்தக் கதவுக்கு அவங்க கடுதாசி எழுதி என்னா ஆவப்போவுது? அதுக்கப்புறம் மவன கேலி பண்ணுறதக் கொறைச்சிக்கிட்டேன். உடல, கொறைச்சிக்கிட்டேன்.

நீ கேட்டது ஒத்துக்குமான்னுதான? 1980 வாக்குல வெள்ளிமலையிலேருந்து ஒரு பையன எங்கூட்டுல தங்க வெச்சிப் படிக்க வெச்சேன். அவுங்கப்பன் எனக்குக் கடுக்காவும் தேனும் குடுக்கற பழக்கம். கல்வராயன் மல அதுக்கு நாலு வருசம் முன்ன வரைக்கும் ஜாகீர்தாருங்க கையில இருந்துச்சு, 1976-லதான் சர்க்காரு எடுத்துச்சு. அந்தப் பையனுக்கு நம்ம பேச்சே வேற பாஷை மாதிரி. பசங்க அவன் பேசுறத அவனுக்கே பேசிக் காட்டுவானுங்க. மொத மாசம் தெனம் சாயங்காலம் காணாப் போயிருவான். தேடிப் போனா துருகத்துக் கோட்ட மேல ஏறி, மேக்கால பாத்து, அவங்க மல தெரியுதான்னு குந்தியிருப்பான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பக்கத்துல குந்தி ஒரு பீடி புடிப்பேன். இருட்டுனதும் எறங்கி வருவோம். ரெண்டாம் மாசம் வாரத்துக்கு ஒருநாள் போனான். மூணாம் மாசம் கபடி ஆட ஆளு பத்தலன்னு பசங்களே வந்து அவனக் கூப்புட்டுக்கிட்டுப் போயிட்டானுங்க.

சந்தையில மாடு வாங்கியாந்தாலும் அப்பிடித்தான. புதுக் கொட்டாயில மொத ராத்திரி படுக்காது, நின்னுக்கிட்டே இருக்கும். தட்டு போட்டா மோந்து பாத்துட்டு உட்ரும். வெவரம் தெரிஞ்சவன் தண்ணிய வெச்சிட்டுத் தூங்கப் போவான். தெரியாதவன் லாந்தரப் புடிச்சிக்கிட்டு ராத்திரி பூரா அது மூஞ்சியிலயே வெளிச்சம் அடிப்பான், படுத்துதா படுத்துதான்னு.

டீய குடி, ஆடை கட்டுது பாரு.

போன வாரம் எம் மவன் போன் போட்டான். கம்பெனியில டொராண்டோவுக்குப் போவச் சொல்லுறாங்களாம். கனடா. அங்க பள்ளிக்கொடத்துக்கு எத்தன மார்க்குன்னு ஏற்கெனவே தேட ஆரம்பிச்சிட்டானாம். மருமவ பின்னால, “ஐயோ, மறுபடியும் மொதல்லேருந்தா?”ன்னு பொலம்புறது கேக்குது. புள்ளைங்க என்னடா சொல்லுதுன்னேன். பேத்தி, அங்க சாமந்தி உண்டான்னு கேட்டாளாம். பேரன்கிட்ட போனக் குடுத்தான். அவன் ஒண்ணுதான் கேட்டான்:

“தாத்தா, அந்த ஊருல தொப்பி போடணுமா, கழட்டணுமா?”